மூன்றரை நிலைக்கு ஒரு வகுப்பு

குழந்தைகள் புத்தகம் வாசிக்க வேண்டும் என்பதில் இந்த நாட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எந்தக் குழந்தை எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கம் வரையில் வாசிக்கலாம் என்று தீர்மானிக்க ஓர் அலுவலகம் இல்லையே என்பதுதான் நெடுநாளைய குறை. அந்தக் குறையும் சென்ற ஆண்டு தீர்ந்தது. புதிதாகத் தோன்றிய அலுவலகத்துக்கு 'வாசிப்பு நிலை ஒப்பீட்டுப் பிரிவு' என்று பெயர். அதற்கு ஒரு மாடியும், இரண்டு குளிர்சாதன அறைகளும், ஒரு ஜீப்பும், வட்டமான ஒரு முத்திரையும் வழங்கப்பட்டன. புத்தக அலமாரி வழங்கப்படவில்லை. வேண்டுமென்று யாரும் கேட்கவுமில்லை.

பிரிவு தன் முதல் பணியாக, தூர தேசத்து நிபுணர்கள் வகுத்த 'வாசிப்பு ஏணி' என்ற திட்டத்தைத் தருவித்தது. அந்த ஏணிக்குப் பதினான்கு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம், ஒரு ஸ்டிக்கர், சில சிறு கதைப் புத்தகங்கள். தொடக்கப் பள்ளிக்கோ நான்கே வகுப்புகள். பதினான்கை நான்கால் வகுத்தால் வகுப்புக்கு மூன்றரை நிலை வரும்.

சாதாரண மனிதர்களாக இருந்தால் ஒரு வகுப்புக்கு மூன்று, மற்றொன்றுக்கு நான்கு என்று விட்டுக்கொடுத்துப் பங்கிட்டிருப்பார்கள். அது வகுப்புகளுக்கிடையே பாரபட்சம் காட்டுவதாகும் என்று பிரிவு கருதியது. ஆகவே, நான்காம் நிலைப் புத்தகத்தின் முன்பாதி ஒன்றாம் வகுப்புக்கும் பின்பாதி இரண்டாம் வகுப்புக்கும் உரியது என்று பதினான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று. 'தகுதி பெறாத மாணாக்கர் பின்பாதியை அணுகாவண்ணம் அப்பக்கங்கள் உரிய முறையில் பிணைக்கப்பட வேண்டும்' என்பது அதன் ஆறாம் பத்தி.

பிணைப்பது என்றால் ஸ்டேப்ளர் பின் அடிப்பது.

பங்கஜாட்சி டீச்சர் அடித்தார். பனச்சமூடு சந்திப்பில் பஸ் இறங்கி, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சரிவில் ஐந்து நிமிடம் நடந்தால் வரும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. இருபத்தொன்பது ஆண்டுப் பணிக்காலத்தில், மேலிடத்திலிருந்து வந்த எந்தக் காகிதத்தையும் முழுமையாக வாசிக்காமல் அவர் கோப்பில் சேர்த்ததில்லை. வாசிக்கும்போது கையில் சிவப்பு மைப் பேனா இருக்கும். சுற்றறிக்கையில் ஒற்றுப் பிழை இருந்தால் திருத்துவார். எழுவாய் காணாமற் போயிருந்தால் ஓரத்தில் 'யார்?' என்று எழுதுவார். ஒப்பீட்டுச் சுற்றறிக்கையை அவர் மூன்று முறை வாசித்தார். முப்பத்தெட்டுத் திருத்தங்கள் செய்தார். பிறகு நான்காம் நிலைப் புத்தகங்கள் பன்னிரண்டையும் மேசைமேல் அடுக்கி, எட்டாம் பக்கத்துக்கு மேல் இருந்தவற்றை ஓரம் பிசகாமல் மூன்று மூன்று பின்களால் பூட்டினார். வேலை திருத்தமாக இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாளே அதன் பலன் தெரிந்தது.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தன்யா ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவள்.

"டீச்சரே, வெள்ளச்சி குழியில விழுந்துட்டு."

"எந்த வெள்ளச்சி?"

"இந்தக் கதையில உள்ள ஆடு. பிள்ளையளுக்கு வாசிச்சுக் குடுத்தேன். எட்டாம் பக்கத்தில குழிக்குள்ள விழுந்து மேல பாக்குது. 'அப்போது' என்னு ஒரு வார்த்தை. அதோட பின் அடிச்சிருக்கு. வகுப்பு முழுக்கக் கரையுது, டீச்சரே. நான் என்ன சொல்லட்டு?"

"இரண்டாம் வகுப்புக்குப் போனால் தெரியும் என்று சொல்லு."

"ஒரு வருஷமா ஆடு குழிக்குள்ள கெடக்கணும்?"

"சுற்றறிக்கைப்படி அவ்வளவு காலம் கிடக்கத்தான் வேண்டும்," என்றார் பங்கஜாட்சி டீச்சர். "பின்னைப் பிரிப்பதென்றால், இரண்டாம் வகுப்பு நிலையோ அதற்கு மேலோ உடையவர் என்று அளந்து சான்றளிக்கப்பட்டவர்தான் பிரிக்க வேண்டும். படிவம் ஏழு."

தன்யா போய்விட்டாள். அடுத்த அறையில் அழுகை ஓயக் கால் மணி நேரமாயிற்று.

ஆனால் அந்த வாரம் பங்கஜாட்சி டீச்சரின் உறக்கத்தைக் கெடுத்தது ஆடு அல்ல, ஆறாவது வேலை நாள். எல்லைக்கு இப்பால், மலையாளப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடங்களில் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் அடுத்தபடியாக எல்லோருக்கும் நினைவில் நிற்கும் நாள் அது. ஜூன் மாத மழையில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார்கள். தலைக்குத் தக்கபடிதான் வகுப்பு. வகுப்புக்குத் தக்கபடிதான் ஆசிரியர். அந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு நிலைக்கப் பன்னிரண்டு தலை வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சரியாகப் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தார்கள். ஒரு தலை குறைந்தால் வகுப்பு போகும்; வகுப்பு போனால் தன்யா வீட்டுக்குப் போவாள்.

மற்ற ஆண்டுகளில் இது எளிய கணக்கு. யாருக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஆண்டு சுற்றறிக்கையின் பன்னிரண்டாம் பத்தி புதிய வழியைக் காட்டியிருந்தது: 'மாணாக்கர் எந்த வகுப்பில் அமர்ந்துள்ளார் என்பது கருதப்படாது; அவரது வாசிப்பு நிலைக்கு ஒப்பான வகுப்பு எதுவோ அவ்வகுப்பிலேயே எண்ணப்படுவார்.' ஒரு நிமிடத்தில் வாசிக்கும் ஒவ்வொரு பத்து வார்த்தைக்கும் ஒரு நிலை. முப்பத்தைந்து வார்த்தை வரையில் வாசித்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்கு மேல் வாசிக்கும் பிள்ளை எந்தப் பெஞ்சில் இருந்தாலும் மேல் வகுப்புக்குச் சேரும்.

பதினோரு குழந்தைகளைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் அப்போதுதான் 'அம்மா'வையும் 'ஆடு'வையும் அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது தலை அஷ்வதியினுடையது.

அஷ்வதியின் அப்பன் சத்தியதாஸுக்குப் பனச்சமூடு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை. அந்தச் சந்திப்பில் இரண்டு மாநிலத்துப் பஸ்களும் வரும். ஒன்றின் பலகையில் மலையாளம், மற்றொன்றின் பலகையில் தமிழ். கண் மங்கிய கிழவர்களும், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த கிழவிகளும், "மக்கா, இது நெய்யாற்றின்கரை போவுமா? பெருங்கடவிளை போவுமா?" என்று கடையைப் பார்த்துத்தான் கேட்பார்கள். சத்தியதாஸுக்குச் சோடா உடைக்கவே நேரம் போதாது. நாலு வயதில் கடைப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்த அஷ்வதி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அங்கே எந்த பஸ்ஸும் முழுதாக நிற்பதில்லை. வளைவில் தலை தெரிந்ததிலிருந்து நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்து அறிவித்தாக வேண்டும். ஆகவே ஐந்து வயது நிறைவதற்குள் அவள் இரண்டு மொழிகளையும், ஓடுகிற எழுத்தை ஓட்டத்திலேயே வாசிக்கவும் கற்றிருந்தாள்.

வேறொரு காலமாக இருந்தால் பங்கஜாட்சி டீச்சர் அந்தக் குழந்தையை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்திருப்பார். இப்போது மூன்றாம் வேலை நாள் மாலை, சத்தியதாஸை அழைத்து எதிரே உட்கார வைத்தார்.

"சத்தியதாஸே, ஆறாம் நாள் அளக்க வருவார்கள். அன்று ஒரு நிமிடம் மட்டும் உங்கள் மகள் கொஞ்சம் மெதுவாக வாசிக்க வேண்டும்."

சத்தியதாஸ் காதைத் தீட்டிக்கொண்டான். "மெதுவாவா? எனக்க மவளா? டீச்சரே, நாட்டுல நடக்கியது ஒண்ணும் அறியலியா நிங்க?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையில் அந்த ஆண்டின் மோகம் வாசிப்பு நிலைதான். காஞ்சிரங்குளத்தில், பால் பல் விழாத ஒரு பிள்ளையின் ஆளுயரப் படத்தோடு 'ஐந்தாம் நிலையை எட்டிய எங்கள் செல்வத்துக்கு நாட்டாரின் வாழ்த்துகள்' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். பிரசீதா என்றொரு பெண் தையல் வகுப்பை மூடிவிட்டு 'முப்பது நாளில் மூன்று நிலை' என்று டியூஷன் தொடங்கியிருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தம்பிக்கு என்ன நிலை என்று கேட்டதாகவும், இரண்டு என்றதும் சாயா குடிக்காமல் எழுந்ததாகவும் பேச்சு. இத்தனை நிலைகளைப் பற்றிப் பேசிய வீடுகளில் எத்தனை புத்தகம் இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. அதை எண்ணுவதற்குப் பிரிவு எதுவும் இல்லை.

"அடுத்த வீட்டு சோமனுக்க பேரனுக்கு ஆறாம் நிலை," என்றான் சத்தியதாஸ். "பைக்குல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். அவனுக்க பைக்க பாக்கும்பம் எனக்கு சோறு எறங்கல்ல. எனக்க மவ நிமிசத்துக்கு நூறு வாசிப்பா ஆக்கும். அவளைப் போய் திக்கச் சொல்லுதீங்களே."

"உங்கள் மகள் வாசித்தால் தன்யா டீச்சருக்கு வேலை இல்லை."

 தன்யா தினமும் சத்தியதாஸின் கடையில்தான் குடையை வைத்துவிட்டுப் போவாள். போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் என்றபோது கடையை அரை நாள் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"ஒரு நிமிசம்தானே?" என்றான் கடைசியில். "செரி. ஆனா ஸ்டிக்கர் மட்டும் நல்லதாத் தரணும்."

மறுநாள் முதல் மாலை நான்கு மணிக்குப் பங்கஜாட்சி டீச்சர் ஒரு குழந்தைக்கு மோசமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். இருபத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளைத் திக்காமல் வாசிக்கப் பழக்கியவர் அவர். திக்கப் பழக்குவது அதைவிடக் கடினம் என்பது அப்போது தெரிந்தது.

"ஒரு வார்த்தை வாசித்தால் நிறுத்து. மூச்சு விடு. பிறகு அடுத்தது."

"நிறுத்தினா பஸ் போயிருமே, டீச்சரே."

"இங்கே பஸ் இல்லை, மகளே. இது புத்தகம்."

"புத்தகம் போவாதா?"

"போகாது."

"அப்பம் என்னத்துக்கு நிமிசம் வச்சு வாசிக்கச் சொல்லுதாவ?"

பங்கஜாட்சி டீச்சர் சுற்றறிக்கையின் ஓரத்தில் அந்தக் கேள்வியைச் சிவப்பு மையில் குறித்து வைத்தார். இரண்டு நாள் பயிற்சியில் அஷ்வதி நிமிடத்துக்கு இருபத்தெட்டு வார்த்தைக்கு இறங்கினாள். அது ஒரு சாதனைதான். அதைக் கொண்டாடும் மனநிலை மட்டும் டீச்சருக்கு இல்லை.

ஆறாவது வேலை நாளன்று காலை ஜீப் வந்தது. அதிலிருந்து ஒப்பீட்டு ஒருங்கிணைப்பாளர் பரமசிவன் இறங்கினார். ஒப்பீட்டு அட்டவணையை வகுத்தவரும் சுற்றறிக்கையை எழுதியவரும் அவரே. சென்ற ஆண்டே தொடங்கிய முன்னோட்ட அளவையில் இதுவரை நாற்பத்தொரு பள்ளிகளை அளந்து முடித்திருந்தார். நல்ல மனிதர், குழந்தைகளைக் கண்டால் சிரிப்பார், புத்தகப் பெட்டியைக் கண்டால் அது பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அவருக்குப் பின்னால் டேப் என்னும் கைக்கணினியைத் துண்டால் மூடி, மழையிலிருந்து காத்துக்கொண்டு உதவியாளன் உண்ணி வந்தான்.

பதினோரு குழந்தைகள் ஒவ்வொருவராக நிமிடத்துக்கு ஏழு, நான்கு, ஒன்பது என்று வாசித்தார்கள். ஒரு பையன் ஒரு வார்த்தையும் வாசிக்காமல் உண்ணியின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாறே, இவன் சைபர்."

"ஒன்றாம் நிலை போடு. ஏணியில் தரை கிடையாது," என்றார் பரமசிவன்.

பன்னிரண்டாவதாக அஷ்வதி வந்தாள். தன்யா கதவோரம் நின்றாள். சத்தியதாஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு," என்று வாசித்தாள் அஷ்வதி. மூச்சு விட்டாள். "ஊரில்." மூச்சு விட்டாள். "ஒரு." பங்கஜாட்சி டீச்சரின் கண்கள் தாமாகவே மூடின. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பத்து வினாடிக்கு மூன்று வார்த்தை.

அப்போது சரிவுக்குக் கீழே வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

அஷ்வதியின் முதுகு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். நேரம் மீதியிருந்ததால் பரமசிவனின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாசித்தாள். அதன்பின் சுவரிலிருந்த மதிய உணவுப் பட்டியலை, திங்கள் முதல் வெள்ளி வரையில், முட்டை நாள் உட்பட வாசித்தாள். உண்ணி கடிகாரத்தை நிறுத்தியபோது அவள் தீயணைப்பு வழிமுறைகளில் பாதி வந்திருந்தாள்.

"தொண்ணூத்தி ஏழு, சாறே. ஒம்பதாம் நிலை."

"மூன்றாம் வகுப்பு," என்றார் பரமசிவன்.

ஜன்னலுக்கு வெளியே, "கேட்டியாடா சோமா!" என்று சத்தியதாஸ் தன்னை மறந்து கத்தினான். சோமன் அங்கே இல்லை. பிறகு அவன் தன்யாவைப் பார்த்தான், கம்பியை விட்டுவிட்டான்.

டேப்பின் திரையில் சிவப்புக் கோடு வந்தது. ஒன்றாம் வகுப்பு: பதினொன்று. தகுதியில்லை. தன்யா கையிலிருந்த சாக்குக் கட்டியை மேசைமேல் வைத்தாள், அது பள்ளியின் உடைமை என்பதால்.

"நான் என்ன செய்ய முடியும், டீச்சரே?" என்றார் பரமசிவன். உண்மையிலேயே வருந்தினார். "கணக்கு அப்படி இருக்கிறது. உண்ணீ, சமர்ப்பி."

உண்ணி திரையை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான்.

"ஏத்தமாட்டேங்குது, சாறே. போன வாரம் ஆப்பைப் புதுக்கினாவ இல்லியா? 'பரிசோதகரின் வாசிப்பு' என்னு ஒரு கட்டம் புதுசா கெடக்குது. அதை நெறைக்கணுமாம்."

"நூற்று நாற்பது என்று போடு."

"போடக் கூடாது," என்றார் பங்கஜாட்சி டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் சுற்றறிக்கையைப் பிரித்து, சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ஒன்பதாம் பத்தியைக் கண்டெடுத்தார்.

"'அளவையின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் பொருட்டு, பரிசோதகர் தாம் நன்கறிந்த உரையொன்றைத் தலைமையாசிரியர் முன்னிலையில் ஒரு நிமிடம் வாசித்துக் காட்டுதல் வேண்டும்; அன்னார் நிலையும் ஏனையோர் நிலையைப் போன்றே பதிவுசெய்யப்படும்.' இதில் நான் கையெழுத்திட வேண்டும். கேட்காத வாசிப்புக்கு நான் கையெழுத்திடுவதில்லை."

"இந்தப் பத்தி..." என்று பரமசிவன் தயங்கினார்.

"நீங்கள் எழுதியது."

"எழுதினேன். யாரும் வாசிப்பார்கள் என்று நினைக்கவில்லை." அவர் சிரித்துக்கொண்டார். "சரி. எதை வாசிக்க?"

"நன்கறிந்த உரை என்றுதானே இருக்கிறது? இந்தச் சுற்றறிக்கையைவிட நீங்கள் நன்கறிந்தது வேறென்ன இருக்கும்?"

பரமசிவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். "மேற்குறிப்பிடப்பட்டுள்ள ஒப்பீட்டுநிலைநிர்ணயவழிகாட்டுநெறிமுறைகளுக்குட்பட்டு..." இரண்டு வார்த்தை முடிவதற்குள் மூச்சு முட்டியது. "நடைமுறைப்படுத்தப்படவேண்டியவையாகக் கருதப்படுகின்றவற்றுள்..." என்னும் இடத்தில் பாதியில் வழி தவறி, வார்த்தையின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தார். அவர் எழுதிய வாக்கியம் அவரை விடவில்லை. முதல் பக்கத்தின் அடிக்கு வரும்போதுகூட முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வந்திருக்கவில்லை.

"நேரமாச்சு, சாறே."

"எத்தனை?"

உண்ணி திரையைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். "முப்பத்தொண்ணு."

"அப்படியென்றால்?"

"மூணாம் நிலை, சாறே."

"எந்த வகுப்பு?" என்று கேட்டது பங்கஜாட்சி டீச்சர்.

உண்ணி திரையைத் திருப்பிக் காட்டினான். "ஒண்ணாங் கிளாஸ்."

டேப் அதற்குள் வேலையை முடித்திருந்தது. சிவப்புக் கோடு மறைந்து பச்சை வந்தது. 'பதிவு ஏற்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு: பன்னிரண்டு.'

தன்யா மேசைமேலிருந்த சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டாள்.

"மாத்து, எலே," என்றார் பரமசிவன், முதல் முறையாக அலுவலக மொழியைக் கைவிட்டு.

"மாத்தணும்னா மேல எழுதணும், சாறே. எழுதினா, இதுக்கு முந்தின நாப்பத்தொண்ணு ஸ்கூல்ல யாரு வாசிச்சதுன்னு கேப்பாவ. நாம ஒரு எடத்திலயும் வாசிக்கல்ல."

பரமசிவன் மெதுவாகக் கேட்டார்: "கிளாஸ் எப்போ தொடங்கும்?"

விதி ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வரும். முதல் மாதத்தில் பத்து நாளாவது வகுப்புக்கு வராத மாணாக்கரின் பெயர் தானாக நீங்கும். பெயர் நீங்கினால் தணிக்கை வரும். ஆகவே பரமசிவன் தமது மேலதிகாரிக்குப் பத்து நாள் 'கள ஆய்வு' என்று எழுதிவிட்டு, காலை பத்து மணிக்கு வந்து ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார். பெஞ்ச் முழங்கால் உயரத்துக்கும் குறைவு. அமர்ந்தபோது அவருடைய முழங்கால்கள் மோவாய்க்கு நேரே வந்தன. தன்யா பெயர் கூப்பிடுகையில் அவள் குரல் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் மட்டும் தடுமாறும்.

"பரமசிவன்... சார்."

"ஹாஜர்."

மதியம் சோறும் பயறும், வாரத்துக்கு ஒரு முட்டையும் அவருக்கும் கணக்கில் வந்தன. மூன்றாம் நாள் சீருடைக்கு அளவெடுக்க ஆள் வந்து, நாடாவைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டு போனான். நான்காம் நாள் பரமசிவன் பக்கத்திலிருந்த பையனிடம் பென்சில் கடன் வாங்கினார். ஆறாம் நாள் அவரே அடுத்தவருக்கு அழிப்பான் கொடுத்தார். கடிகாரமில்லாமல் வாசித்தால் வாக்கியத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பதை அவர் அந்த வாரம்தான் கண்டுபிடித்தார் என்று தன்யா சொன்னாள். அது உண்மையா என்று பங்கஜாட்சி டீச்சருக்குத் தெரியவில்லை.

அஷ்வதியோ மூன்றாம் வகுப்பில், தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே பெருக்கல் நடந்தது. அவளுக்கோ கூட்டலே இன்னும் அறிமுகமாகவில்லை. கணக்கு நிலைகளுக்கான ஏணி அடுத்த ஆண்டுதான் வரும் என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சத்தியதாஸ் கடை முகப்பில் 'நிலை ஒன்பது' என்று ஸ்டிக்கர் ஒட்டினான். சோமன் அந்த வழியே வருவதை நிறுத்தினான்.

பத்தாம் நாள், பரமசிவனின் கடைசி நாள், கனமழை. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த பெற்றோர் குடைகளோடு ஒன்றாம் வகுப்பின் வராந்தாவில் நெருக்கியடித்து நின்றார்கள். நேரம் போக வேண்டுமே என்று தன்யா நான்காம் நிலைப் புத்தகத்தை எடுத்தாள். வெள்ளச்சி புல் தின்றது. வெள்ளச்சி வழி தவறியது. வெள்ளச்சி குழிக்குள் விழுந்து மேலே பார்த்தது.

"அப்போது," என்று வாசித்துவிட்டு தன்யா புத்தகத்தை மூடினாள்.

"அப்போது?" என்றார் பரமசிவன் கடைசிப் பெஞ்சிலிருந்து.

"அவ்வளவுதான், சார். மீதி ரெண்டாங் கிளாஸ்."

"ஆடு என்ன ஆயிற்று?"

"அறியில்ல, சார். எனக்குக் குடுக்கும்பமே பின் அடிச்சிருந்துது."

பரமசிவன் வாசலில் நின்ற பங்கஜாட்சி டீச்சரைப் பார்த்தார். பெற்றோர் எல்லோரும் பார்த்தார்கள். "பின் அடித்தது நீங்கள்தானே, டீச்சர்? ஆடு ஏறிற்றா?"

பங்கஜாட்சி டீச்சர் வாயைத் திறந்தார். சுற்றறிக்கையின் பதினான்கு பக்கத்தையும் மூன்று முறை வாசித்திருந்த அவர், பதினாறு பக்கமுள்ள ஆட்டின் கதையை ஒரு முறைகூட வாசித்திருக்கவில்லை என்பது அந்த இடத்தில், அத்தனை பேருக்கு முன்னால், அவருக்கு நினைவு வந்தது. "பக்கங்களை எண்ணித்தான் அடித்தேன்," என்றார். அவருடைய குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

பரமசிவனின் விரல் பின்னை நோக்கிப் போயிற்று, தயங்கிற்று.

"படிவம் ஏழு," என்றான் உண்ணி, ஜீப்பிலிருந்து நனைந்துகொண்டு வந்தவன். "ரெண்டாங் கிளாஸ் நிலை உள்ளவங்கதான் பிரிக்கணும், சாறே. அளந்திருக்கணும்."

வராந்தா முழுவதும் பார்வை சுற்றி வந்தது. அங்கே அளக்கப்பட்டவர்கள் குழந்தைகளும் பரமசிவனும் மட்டுமே. தன்யா அளக்கப்படவில்லை. தலைமையாசிரியை அளக்கப்படவில்லை. ஃப்ளெக்ஸ் வைத்தவர்களும் ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் அளக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து அஷ்வதியைக் கூட்டி வந்தார்கள்.

"மக்கா, இந்தப் பின்னைக் கொஞ்சம் பிரிச்சு வாசிக்கியா?" என்றான் சத்தியதாஸ், பெருமை பொங்க.

"பிரிக்காண்டாம்," என்றாள் அஷ்வதி. "அண்ணைக்கே வாசிச்சாச்சு. பக்கத்தைக் குழல் மாதிரி வளைச்சா உள்ள தெரியும்."

"ஆடு ஏறிச்சா?" இதை ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். அவர்களில் பரமசிவனும் இருந்தார்.

அஷ்வதி எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள், வளைவில் திரும்பும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல. "சொல்லப்பிடாது. அது ரெண்டாங் கிளாஸுக்குள்ளது. பெரிய டீச்சர் சொல்லியிருக்காவ."

"எனக்கிட்ட மட்டும் காதில சொல்லு, மக்கா. நான் ஒனக்க அப்பனல்லா?"

"அப்பாக்க நிலை என்ன?"

சத்தியதாஸ் குடையை விரித்துப் பார்த்தான், மறுபடியும் மடக்கினான்.   அஷ்வதி பரமசிவனின் பெஞ்சருகே போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, ஆறுதலாகச் சொன்னாள்:

"நல்லா வாசியுங்க, சாறே. அடுத்த வருஷம் ரெண்டாங் கிளாஸுக்கு வருவீங்க இல்லியா, ஆடு அங்கதான் நிக்கும்."

மறுநாள் காலை தன்யா வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது, ஒன்றாம் வகுப்பின் பன்னிரண்டு பெயர்களுக்குக் கீழே பதின்மூன்றாவதாக ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து மிகத் திருத்தமாக இருந்தது. மை சிவப்பு.